கதிர்வேல் செய்த சிறுத்தைக் கூண்டு

மல்லசமுத்திரத்தில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறைகள் நாலைந்து உண்டு. அதில் ஒன்று கதிர்வேலுடையது. வேலை சுத்தமாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. அவன் பற்றவைத்த இடம் விட்டுப்போனதென்று இதுவரை ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. மற்றபடி அந்த மனிதனிடம் மெச்சிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வயது நாற்பதைத் தொடுகிறது. கேட்டால் முப்பத்தாறு என்பான். மீசைக்கு மாதம் இரண்டு தடவை மை. முன்மண்டை பாதி காலி. பின்னாலிருக்கிற முடியை முன்னுக்கு இழுத்து ஒட்டவைத்திருப்பான். காற்றடித்தால் அது கூரையிலிருந்து பெயர்ந்த தகரம் மாதிரி ஒரு பக்கமாக எழுந்து நிற்கும்.

பெண் தேட ஆரம்பித்துப் பதினோரு வருசம். முதல் ஐந்து வருசம் இவன் வேண்டாம் என்றான். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி குட்டை, ஒருத்தியின் அப்பன் வீட்டில் கார் இல்லை. அடுத்த ஆறு வருசம் அவர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியாகப் புரோக்கர் கொண்டுவந்தது மஞ்சுளாவின் ஜாதகம்.

மஞ்சுளாவுக்கு முப்பத்திநாலு. ஜேடர்பாளையத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் ஓரமாகத் தோட்டம். இரண்டு ஏக்கர் கரும்பு, பதினாலு வெள்ளாடு, அம்மா சின்னாயி. கட்டியவன் ரிக் டிரைவர். சத்தீஸ்கருக்கு வண்டியோடு போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மஞ்சுளா அழுது புரளவில்லை. கோர்ட்டுக்குப் போய் அறுத்துவிட்டு வந்து ஆடு வாங்கினாள்.

அஞ்சாறு வருசத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஜாதகம் வந்தபோது, "அத்துட்டு வந்த புள்ளையக் கட்டறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று புரோக்கர் மேல் எகிறியவன்தான் இந்தக் கதிர்வேல். இப்போது மஞ்சுளாவின் ஜாதகத்தை மணிபர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தான். மடிப்பில் கிரகங்கள் அழிந்துபோயிருந்தன.

இதில் ஒரு சங்கடம். அதே புரோக்கர் அதே ஜாதகத்தை ஆட்டையாம்பட்டிக்கும் கொண்டுபோயிருந்தான். அங்கே ஜெயபிரகாஷ் என்று ஒருவன், போட்டோ ஸ்டூடியோக்காரன். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் நடக்கிற அத்தனை கல்யாணத்துக்கும் முன்வரிசையில் நிற்பான், கையில் கேமராவோடு. வெயில் இறங்கினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான். பறக்கும் கேமரா ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதைப் பெட்டியோடு முதுகில் மாட்டிக்கொண்டு, ஏதோ நோய் தீர்க்கப் புறப்பட்டவன் மாதிரி பைக்கில் வருவான்.

"ஊரான் பொண்டாட்டிக்கு உதட்டுச் சாயம் சரியா இருக்குதான்னு பாத்துப் பொழைக்கறவன்" என்பான் கதிர்வேல்.

"தலையில முடி இல்லாததுக்கு வெல்டிங் வைக்கற மூஞ்சித் தகரத்தக் கழட்டாம இருக்கறவன்" என்பான் ஜெயபிரகாஷ்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால்தான் இருவரையும் பார்த்து ஊர் சிரித்தது.

ஆவணியில் ஆற்றோரமாகச் சிறுத்தை இறங்கியது. முதலில் தோட்டத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு கரும்புக் காட்டின் ஈர மண்ணில் கால் தடம். பிறகு ஒரு நாள் வெடியால் எழுந்து பார்த்தால் மஞ்சுளாவின் பட்டியில் இரண்டு ஆடு குறைந்தது. அதில் ஒன்று குட்டி போட்டுப் பத்து நாள் ஆன தாய். மிஞ்சிய குட்டிக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதைப் புட்டிப்பால் கொடுத்து மஞ்சுளாவே தேற்றினாள். சுட்டி என்றே பேர். அவள் கண் மறைந்தால் போதும், எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தும்.

அந்த நேரம் பார்த்து முடிவு கேட்கப் புரோக்கர் போயிருக்கிறான். மஞ்சுளா பட்டிக்கு முள் அடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "மொதல்ல சிறுத்தை போவட்டுங்க. அப்பறம் பேசிக்கலாம்னு சொல்லிப்போடுங்க" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். ஆட்டைக் காப்பாற்றவே நேரம் போதவில்லை, இதில் கல்யாணப் பேச்சு வேறா என்று சொன்னாள். அந்தப் பேச்சு மல்லசமுத்திரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் போய்ச் சேர்ந்தபோது வேறாக ஆகிவிட்டது. சிறுத்தையைப் பிடிக்கிறவனுக்குத்தான் பெண். அப்படி யாரும் சொல்லவில்லை. இருவரும் தனித்தனியாக அப்படியே புரிந்துகொண்டார்கள். புத்தி ஒரே அளவு இருந்தால் இப்படித்தான்.

வனத்துறை வந்தது. ரேஞ்சர் ஒருவர், ஒரு ஜீப், துருப்பிடித்த பழைய கூண்டு ஒன்று, மரத்தில் கட்டுகிற கேமராப் பெட்டிகள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அறிவு என்று ஒரு காவலர். சத்தியமங்கலம் காட்டில் எட்டு வருசம் இருந்தவன். நூறு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவான். சின்னாயிக்கு அவனைப் பிடித்துப்போனது. "சாமி, ஒரு வாய் சோறு தின்னுப்போட்டுப் போ" என்று தினமும் கூப்பிடுவாள்.

இரண்டாவது கூண்டு வர ஒரு வாரம் ஆகும் என்றார் ரேஞ்சர். கதிர்வேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"எதுக்குங்க சார் ஒரு வாரம்? நாலு நாள் குடுங்க. நான் செஞ்சு இறக்கறேன். சிறுத்தை இல்லீங்க, ஆனையே வந்தாலும் அசையாது."

"ஆனை வேணாம்ப்பா" என்றார் ரேஞ்சர். அளவைச் சொன்னார். பின்பக்கம் ஆட்டுக்குத் தனி அறை, நடுவில் இரட்டைக் கம்பி வலை, முன்னால் சிறுத்தை மிதித்ததும் மேலிருந்து இறங்குகிற கதவு.

நாலு நாள் பட்டறையில் வேறு வேலை எடுக்கவில்லை. ரிக் வண்டிக்கு வைத்திருந்த குழாயை அறுத்துச் செய்தான். வேலை முடிந்தபோது அது கூண்டு மாதிரி இல்லை. சாலையில் ஓட்டிப்போகலாம் போல இருந்தது. மஞ்சளும் நீலமுமாக எனாமல் பெயின்ட். முகப்பில் 'கதிர் இன்ஜினியரிங் ஒர்க்ஸ், மல்லசமுத்திரம்' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே போன் நம்பர். சிறுத்தை உள்ளே போகும்போது யாரைக் கூப்பிட வேண்டுமென்று தெரிய வேண்டாமா?

அதோடு விட்டானா என்றால் இல்லை. எங்கள் பக்கத்தில் புது ரிக் வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பினால் பூசை போடாமல் கிளம்பாது. இரும்பென்றால் பூசை, அது இங்கே எல்லாருக்கும் கையில் ஊறிய பழக்கம். கதிர்வேலும் கூண்டைத் தோட்டத்தில் இறக்கியதும் சந்தனம் குங்குமம் வைத்தான். நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம். சாம்பிராணி போட்டான். வெள்ளைப் பூசணிக்காய் உடைத்தான். கதவுக்கு மேலே மிளகாயும் எலுமிச்சையும் கோத்துக் கட்டினான். பிறகு தட்டில் கற்பூரத்தை வைத்து மஞ்சுளாவிடம் நீட்டினான்.

"அம்மிணி, உங்கையால பத்த வெச்சாத்தான் நல்லது."

அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இத்தனையும். மஞ்சுளா தட்டை வாங்கவில்லை.

"ஏனுங்க, சிறுத்தையப் புடிக்கறீங்களா, சீர் வெச்சு அழைக்கறீங்களா?"

தலைக்கு மேலே குளவி மாதிரி ரீங்காரம். ஜெயபிரகாஷ் தன் பறக்கும் கேமராவை விட்டுப் பூசையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பொழுதோடு அது ஊர்ப்பட்ட செல்போன்களில் ஓடியது, நாதஸ்வரத்தோடு.

அறிவு வந்தான். கூண்டுக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"அண்ணா, சிறுத்தைக்கு மூக்கு இருக்குதுங்ளே."

"இருந்தா என்னுங்க தம்பி?"

"பெயின்ட் வாசம். சாம்பிராணி வாசம். எங்கியோ கோயில் திருவிழான்னு நெனச்சு அந்தப் பக்கமாப் போயிருங்."

ரேஞ்சர் வந்து கத்திய கத்தில் வாய்க்காலில் இருந்த கொக்கு பறந்தது. கூண்டு முழுக்கச் சாணியும் சேறும் பூசி, வெயிலிலும் பனியிலும் பதினைந்து நாள் போடச் சொன்னார். அதுவரை பழைய கூண்டுதான். கதிர்வேல் சாணியைக் கரைத்து, தான் எழுதிய தன் பேரின் மேல் தானே பூசினான். அதையும் ஜெயபிரகாஷ் விடாமல் படம் பிடித்தான்.

ஆனால் அவனும் நீண்ட நாள் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் பறக்கும் கேமராவில் சிறுத்தை தெரிந்தது. கரும்பு வரப்பில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அந்த இடத்தை ரேஞ்சரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே மயக்க ஊசி போட்டுக் கதை முடிந்திருக்கும். இவனுக்கு முகம் வேண்டும். மஞ்சுளாவிடம் காட்ட முகம் தெரிகிற படம் வேண்டும். கீழே இறக்கினான், இன்னும் கீழே இறக்கினான். விசிறிச் சத்தம் கேட்டதும் சிறுத்தை எழுந்தது, வாய்க்காலைத் தாண்டியது, போயே போய்விட்டது. படத்தில் விழுந்தது வால் மட்டும்.

பிறகு பத்து நாள் தடமே இல்லை. பறக்கும் கேமராவை எடுத்தால் ஜெயிலில் போடுவேன் என்றார் ரேஞ்சர். அந்தப் பத்து நாளும் கதிர்வேலுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

"வால் மாப்பிள்ளை வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குள் நுழைவான்.

"சாணி மாப்பிள்ளை இன்னும் குளிக்கலீங்களா?" என்பான் ஜெயபிரகாஷ்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஆளுக்கொரு உபசாரம். ஜெயபிரகாஷ் தினமும் ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவான். சின்னாயிக்கு மேலே இரண்டு, கீழே மூன்று பல். முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் போனதும் ஆட்டுக்குப் போடுவாள். சுட்டிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கதிர்வேல் வெல்டிங் மெஷினோடு வந்து கண்ணில் பட்டதையெல்லாம் பற்றவைத்தான். கேட், கட்டில் கால், வாளிப் பிடி. ஒரு நாள் ஆட்டுப் பட்டியின் தாழ்ப்பாள் ஆடுகிறதென்று அதையும் பற்றவைத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மறுநாள் மஞ்சுளா பன்னிரண்டு ஆட்டையும் வேலிக்கு மேலே தூக்கி வெளியே விட்டாள்.

"வேல செய்யாம இருக்கறதுக்கு என்ன வேணுமுங்க உங்களுக்கு?" என்று கேட்டாள்.

கதிர்வேல் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டான்.

அவனுக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. ஜெயபிரகாஷை அவள் 'தம்பி' என்கிறாள். தன்னை 'ஏனுங்க' என்கிறாள். புருசனைக் கூப்பிடுகிற மாதிரித்தானே? பால்காரனையும் கரும்பு வெட்ட வருகிறவனையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள் என்பது அவன் காதில் ஏறவில்லை. பட்டறையில் தனியாக இருக்கும்போது அந்த 'ஏனுங்க'வைத் தானே சொல்லிப் பார்ப்பான். நாற்பது வயதுக்காரன் தனியாக உட்கார்ந்து 'ஏனுங்க, ஏனுங்க' என்கிறான் என்றால் அவன் நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் வீட்டுக்குப் போய், தானே ரசம் வைத்து, டிவியைப் பார்த்துக்கொண்டே தின்று பதினோரு வருசம். இந்தப் பெண்ணும் கைவிட்டுப்போனால் புரோக்கரிடம் வேறு ஜாதகம் இல்லை. அது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பத்து நாள் கழித்துத் தடம் மறுபடி விழுந்தது. அறிவு மஞ்சுளாவிடம் வந்தான்.

"அக்கா, கூண்டுல கட்ட ஒரு ஆடு வேணுங். தனியா உட்டா கத்தற ஆடா வேணும்."

கத்துகிற ஆடென்றால் சுட்டிதான். மஞ்சுளா குட்டியின் காதைத் தடவிக்கொண்டு நின்றாள். தாயைத் தூக்கிப்போனதற்கு முன்னாலேயே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவதா? அப்போது கதிர்வேல் குறுக்கே வந்தான்.

"அம்மிணி, நடுவுல ரெட்டை வலை இருக்குது. ஆட்டு மேல நகம் படாது. உசுருக்கு நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்புங்களா?"

"நான் பொறுப்பு."

"சரி. இந்த வார்த்தைய மறந்துறாதீங்க" என்றாள்.

பொழுது சாயும்போது சுட்டியைப் பழைய கூண்டின் பின்னறையில் விடுவது, வெடியால் ஏழு மணிக்கு மஞ்சுளா போய் அவிழ்த்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. முதல் நாள் தடம் நூறடி தள்ளி. இரண்டாம் நாள் ஐம்பதடி. மூன்றாம் நாள் கூண்டைச் சுற்றி ஒரு வட்டம். அறிவு குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தான்.

"இன்னிக்கு இல்லீன்னா நாளைக்கு உளுந்துரும்."

எல்லாருக்கும் சந்தோசம். இரண்டு பேரைத் தவிர.

கதிர்வேலின் கண் தன் கூண்டுப் பக்கம் போனது. துருப்பிடித்த பழைய கூண்டில் சிறுத்தை விழுந்தால் தன் கூண்டு எதற்கு? இருநூறடி தள்ளித் தென்னந்தோப்பில் சாணி பூசிக்கொண்டு அது சும்மா நிற்கிறது. பதினைந்து நாள் கெடுவும் தாண்டிவிட்டது, வாசமெல்லாம் போயிருக்கும். சிறுத்தை வரப்போவது நிச்சயம். வந்து விழுகிற இடம் ஏன் தன் கூண்டாக இருக்கக்கூடாது? இது ஒன்றும் திருட்டில்லை, ஆட்டை இங்கிருந்து அங்கே மாற்றுவதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் சுட்டியைக் கூண்டில் விட்டுவிட்டு மஞ்சுளா மற்ற ஆடுகளை அடைக்கப் போனாள். அறிவு ஜீப்புக்குப் போனான். கதிர்வேல் மெதுவாக வந்தான். பழைய கூண்டுக்கு எதிரே தென்னை மரத்தில் கேமராப் பெட்டி இருப்பது அவனுக்குத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினான். தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. பின்னறைக் கதவைத் திறந்தான். சட்டைப் பையிலிருந்து முறுக்கை எடுத்தான். ஜெயபிரகாஷ் கொடுத்த முறுக்குதான், சின்னாயி வாசலில் வைத்திருந்ததை எடுத்து வந்திருந்தான். ஒவ்வொரு துண்டாகக் காட்டிச் சுட்டியை இருநூறடி நடத்திக்கொண்டுபோய்த் தன் கூண்டின் பின்னறையில் விட்டு அடைத்தான். முன்கதவு முன்பே தூக்கி மாட்டியிருந்தது. திரும்பி வந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் வெடியால் மஞ்சுளாவுக்கு முன்பே அவன் தோட்டத்தில் இருந்தான், வெள்ளைச் சட்டையோடு. ஜெயபிரகாஷும் வந்திருந்தான். ரேஞ்சர், அறிவு, சின்னாயி, பத்துப் பதினைந்து ஊர்க்காரர்கள். பழைய கூண்டு காலி. மஞ்சுளா பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சுட்டி எங்க?"

தென்னந்தோப்புப் பக்கமிருந்து சுட்டி கத்தியது. எல்லாரும் ஓடினார்கள். கதிர்வேலின் கூண்டில் முன்கதவு பாதியில் நின்றது. உள்ளே, மிதிபலகை மேல் ஈரமான கால் தடம். கதவின் அடிவிளிம்பில் கொத்து மஞ்சள் மயிர். சிறுத்தை வந்திருக்கிறது, உள்ளே நுழைந்திருக்கிறது, மிதித்திருக்கிறது. கதவு பாதி இறங்கி நின்றுவிட, அடியில் உராய்ந்துகொண்டு வெளியே போய்விட்டது. சுட்டி பின்னறை மூலையில் ஒடுங்கி நின்று கத்திக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. வலையின் முன்கம்பியில் மட்டும் நக வரிகள், பின்கம்பி அசையவே இல்லை.

மஞ்சுளா குட்டியை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

கதிர்வேல் கதவின் பள்ளத்துக்குள் விரலை விட்டான். ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு வந்தது.

"எவனோ சிரட்டைய சொருகி வெச்சிருக்கறான்! என்ற கதவு தானா நிக்கறதில்லீங்க! இவந்தான்!" என்று ஜெயபிரகாஷைக் காட்டினான்.

"சிரட்டை இருக்கட்டுங்க. ஆடு எப்பிடி இந்தக் கூண்டுக்கு வந்துச்சு? வழி கேட்டுட்டு வந்துச்சா?" என்றான் ஜெயபிரகாஷ்.

இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ஜெயபிரகாஷின் கறுப்புக் கண்ணாடி விழுந்தது. கதிர்வேலின் முன்முடி எழுந்து நின்றது. அறிவு அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. மரம் மரமாகப் போய்க் கேமராப் பெட்டிகளைத் திறந்தான்.

"எதுக்குச் சண்டை? பாத்துரலாங்."

மஞ்சுளா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலின் மேல் லேப்டாப்பை வைத்தான். கட்டிலின் ஒரு காலில் கதிர்வேல் வைத்த வெல்டிங் உருண்டையாக முட்டிக்கொண்டிருந்தது. ஊர் கூடி நின்றது.

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு படம்" என்றான் அறிவு. "சிறுத்தை மூணு. கீரி, மயிலு, நாயி ஒரு அறுவது. அம்மா வெறகு பொறுக்குனது பத்து."

"பாக்கி?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"பாக்கி எல்லாம் இவிய ரெண்டு பேருங்க சார்."

படங்கள் ஓடின. கதிர்வேல் தன் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கதிர்வேல் சாணியைச் சுரண்டித் தன் பேர் தெரிகிறதா என்று பார்க்கிறான். ஜெயபிரகாஷ் பழைய கூண்டின் மேல் சாய்ந்து இடுப்பில் கை வைத்துத் தன்னையே படம் எடுக்கிறான். ஜெயபிரகாஷ் கூண்டுக்குள்ளேயே போய்ச் சிறுத்தை மாதிரி நாலு காலில் நின்று பல்லைக் காட்டுகிறான். ஊர் வெடித்துச் சிரித்தது. மஞ்சுளா சிரிக்கவில்லை.

முந்தின சாயங்காலம் நாலு மணிப் படம். கதிர்வேல் கூண்டில் மட்டும் சிறுத்தை விழுந்துவிடக் கூடாதென்று, ஜெயபிரகாஷ் அதன் கதவுப் பள்ளத்தில் சிரட்டையை வைத்துக் கல்லால் தட்டுகிறான். கதிர்வேல் குதித்தான். "பாத்தீங்களா! நாந்தான் சொன்னனே!"

"பொறுங்கண்ணா" என்றான் அறிவு.

ஐந்தரை மணிப் படம். கதிர்வேல் கேமராப் பெட்டியின் மேல் துண்டைப் போடுகிறான். அடுத்தது, கூண்டைத் திறக்கிறான். அடுத்தது, குனிந்து முறுக்கை நீட்டுகிறான், பின்னால் சுட்டி.

"அதெப்புடிங்க?" என்று கதிர்வேலின் வாய் தானாகத் திறந்தது. "நாந்தான் துண்டு போட்டு மூடிட்டனே!"

அறிவு நிதானமாகச் சொன்னான். "எப்பவும் எதுத்தாப்பல இன்னொண்ணு இருக்குமுங்க. சிறுத்தைக்கு வலப்பக்கத்துப் புள்ளி ஒரு மாதிரி, எடப்பக்கத்துப் புள்ளி ஒரு மாதிரி. ரெண்டு பக்கமும் எடுத்தாத்தான் எந்தச் சிறுத்தைன்னு தெரியும்."

கதிர்வேலின் இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது. எந்த ஆள் என்று தெரிந்துவிட்டது.

மஞ்சுளா அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முறுக்குக்கு ஆசைப்பட்டு நம்பிப் பின்னால் போகிற குட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். போடவில்லை.

"இதோட அம்மாவத் தூக்கிட்டுப் போனது சிறுத்தை. அதுக்குப் பசி. உங்களுக்கு என்னுங்க?"

"எல்லாம் உனக்காகத்தான் அம்மிணி" என்றான் கதிர்வேல்.

"எனக்கு என்ன வேணும்னு நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? அந்தத் தம்பியாச்சும் கேட்டுச்சா?"

கதிர்வேல் முன்முடியைத் தடவி ஒட்டவைத்தான்.

"எனக்கு வேண்டியது இந்த ஆட்டோட உசுரு. பொறுப்புன்னு வேற சொன்னீங்க." அவள் குட்டியை இறக்கிவிட்டாள். "சிறுத்தை போனாப் பேசலாம்னு சொல்லியுட்டேன். பேசியாச்சு. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

ஜெயபிரகாஷ் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு பக்கத்துக் கண்ணாடி இல்லை. அதோடேயே போனான். சின்னாயி பின்னாலேயே, "தம்பி, நாளைக்கு முறுக்கு வேண்டாஞ் சாமி" என்று கூப்பிட்டுச் சொன்னாள். ரேஞ்சர் இரண்டு பேர் மேலும் கேஸ் போடுவதாகக் கத்தினார். பிறகு இவர்கள் மேல் காகிதம் எழுதுவது காகிதத்துக்குத்தான் நட்டம் என்று விட்டுவிட்டார்.

கதிர்வேல் கூண்டை ஏற்ற டிராக்டர் சொல்லப் போனபோது மஞ்சுளா தடுத்தாள்.

"கூண்டு இருக்கட்டுங்க."

அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பாருங்கள், அப்போதும் மலர்ந்தது.

சிறுத்தை அதன் பிறகு அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டதாகப் பேச்சு. இங்கே நடந்த கூத்தைப் பார்த்தால் எந்த மிருகமும் அதைத்தான் செய்யும்.

ஒரு மாதம் கழித்துக் கதிர்வேலின் போன் அடித்தது.

"வெல்டருங்களா? நான் மஞ்சுளா பேசறேன். கூண்டு மேல இருந்த நம்பர்."

மை பூசிக்கொண்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். மெஷினை ஏற்றிக்கொண்டு நாற்பது நிமிசத்தில் போய் நின்றான். கூண்டு வீட்டு வாசலுக்கே வந்திருந்தது. மேலே தென்னங்கீற்று வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி, ஆட்டுப் பட்டியாக ஆகியிருந்தது.

"வேற என்னத்துக்கு ஆகாட்டியும் கம்பி நல்ல கம்பிங்க. நகம் உள்ள எறங்கலை" என்றாள் மஞ்சுளா. "மேல இருந்து உளுவற கதவு வேண்டாம். கீல் வெச்சுத் தெறந்து சாத்தற கதவாப் போட்டுக்குடுங்க. தாழ்ப்பாள ஒட்டவெச்சுறாதீங்க, வெல்டர் அண்ணா."

அண்ணா என்ற சொல்லை அவன் காது நன்றாகவே வாங்கிக்கொண்டது. இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள அவனாலேயே முடியவில்லை. மூஞ்சித் தகரத்தை மாட்டிக்கொண்டு குந்தினான். இரண்டு மணி நேர வேலை. சுட்டி பக்கத்தில் வந்து அவன் சட்டைப் பையை முகர்ந்து பார்த்தது. அதில் ஒன்றுமில்லை என்றதும் போய்விட்டது. மஞ்சுளா கதவை மூன்று தடவை திறந்து மூன்று தடவை சாத்திப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

கிளம்பும்போது அவன் கூண்டின் முகப்பைப் பார்த்தான். ஆடுகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சாணி உதிர்ந்திருந்தது. சாணியோடு பெயின்டும் போயிருந்தது. அவன் பேர் இருந்த இடத்தில் வெறும் இரும்பு. நம்பர் மட்டும் மிச்சம்.

இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறான். மணிபர்ஸில் ஜாதகம் இல்லை. ரிக் டிரைவர்கள் வெல்டிங் ஆறுகிற வரைக்கும் அவன் வாயைக் கிளறுவார்கள்.

"ஏண்ணா, சிறுத்தைக்குக் கூண்டு செஞ்சீங்களாமா? புடிச்சீங்களா?"

கதிர்வேல் தகரத்தை இறக்கி முகத்தை மறைத்துக்கொள்வான்.

"அந்தக் கூண்டுக்குள்ள இருந்த ஆட்டு மேல ஒரு நகம் பட்டுச்சான்னு போய்க் கேட்டுட்டு வாடா" என்பான்.

அவன் வாழ்நாளில் பேசிய பேச்சில் அது ஒன்று மட்டும் நிசம்.